பெரியம்மா மகன்

ஐஸ்பெட்டி அக்காவின் இடது புறங்கையில் எப்போதும் பிளாஸ்திரித் துண்டுகள் ஒட்டியிருக்கும். காயம் எதுவும் கிடையாது. ரத்தம் எடுக்க உட்காரும் முன், வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை துண்டுகளைக் கத்தரித்துப் புறங்கையில் ஒட்டி வைத்துக்கொள்வார். ஒவ்வொரு துண்டிலும் பேனாவால் ஓர் எண்ணை எழுதுவார். ரத்தம் நிரப்பப் போகும் டியூபின் எண் அது. ஊசியை உருவியதும் அந்த எண் உள்ள துண்டைப் பிய்த்து, கை நீட்டியவரின் முழங்கை மடிப்பில் ஒட்டிவிட்டு, "நம்பரை நீங்களே ஒரு தடவை படிங்க" என்பார். அவர் படிப்பார். அக்கா டியூபைப் பார்த்துப் படிப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் டியூப் பெட்டிக்குள் போகும்.

ஆறு வருடம் அவரோடு வேலை பார்த்தேன். ஒரு நாளும் இது மாறியதில்லை. மாலையில் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது அவர் புறங்கையில் ஒரு துண்டு மிச்சமிருந்தால், அன்றைக்கு யாரோ ஊசியைப் பார்த்ததும் நழுவிவிட்டார் என்று புரிந்துகொள்வேன்.

"யாருக்கா இன்னிக்கு எஸ்கேப்?"

"வெல்டிங் கடைக்காரர். நாள் பூரா நெருப்போட விளையாடற மனுஷன். ஊசியைப் பாத்ததும் வீட்டுல அடுப்புல பால் வச்சது ஞாபகம் வந்துடுச்சாம்."

பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் ஐஸ் விற்க வந்தவர் என்று நினைத்துக் குழந்தைகள் பின்னால் வரும். அப்படி வந்ததுதான் பெயர். அவருக்கு அதில் வருத்தமில்லை. போனில் யாராவது யார் பேசுவது என்று கேட்டால், "ஐஸ்பெட்டி" என்றே சொல்வார்.

பதினேழு வயதில் ரத்தப் பரிசோதனைப் பயிற்சிக்குப் போன முதல் நாளே அவர் மயங்கி விழுந்தாராம். உனக்கு இது சரிப்படாது, வீட்டுக்குப் போ என்றார்களாம். "வீட்டுக்குப் போனா கல்யாணம் பண்ணி வச்சிருவாங்க. அதுக்கு மயக்கமே மேல்னு மறுநாளும் போனேன்" என்பார். கல்யாணம் பிறகு நடந்தது. கணவர் அச்சகத்தில் புத்தகம் தைப்பவர், அதிகம் பேசமாட்டார். இரண்டு மகன்கள், இருவரும் வெளியூரில். பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு, முப்பத்திரண்டு வயதில் வேலைக்குத் திரும்பிய அக்கா பத்தொன்பது வருடம் மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார். அதன் பிறகுதான் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

நான் கல்லூரி முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அது தெரிந்த அன்றிலிருந்து அக்காவுக்கு நான் பட்டதாரி. அவர் நிரப்பிக் கொண்டுவரும் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அங்கே என்ன செய்கிறாய் என்று என் அப்பா கேட்டபோது, "மனுஷங்க ஆதியில எங்கேர்ந்து வந்தாங்கன்னு ரத்தத்துல கண்டுபிடிக்கிறோம்பா" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கண்டுபிடிச்சப்புறம் வேலை இருக்குமா?" என்றார்.

நான் அவருக்குச் சொன்னது சரிதான். ஒவ்வோர் ஆணின் உடம்பிலும் இரண்டு பழைய கோடுகள் உண்டு. ஒன்று அம்மாவிடமிருந்து மட்டும் வருவது. மகனுக்கும் வரும், மகளுக்கும் வரும். ஆனால் மகள்தான் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். மகனோடு அது நின்றுவிடும். இன்னொன்று அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. எத்தனையோ தலைமுறைக்கு ஒருமுறை, நகல் எடுக்கும்போது அதில் ஓர் எழுத்து பிசகும். பிசகியது பிசகியபடியே வழிவழியாக இறங்கும். இரண்டு பேரிடம் ஒரே பிசகுகள் இருந்தால் அவர்களுக்குப் பின்னால் எங்கோ ஒரே மூதாய் இருக்கிறாள், அல்லது ஒரே மூதாதை இருக்கிறான். இப்படிப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால், இன்று உயிரோடிருக்கும் அத்தனை பேரின் தாய்வழிக் கோடும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறது. ஒன்றரை லட்சம் வருடம் முன்பு என்று ஒரு கணக்கு, அதற்கும் முன்பு என்று இன்னொரு கணக்கு. அங்கிருந்து அறுபது எழுபதாயிரம் வருடங்களுக்கு முன் ஒரு கூட்டம் கிளம்பியது. அதன் பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் மற்ற கண்டங்களில் பரவினார்கள். யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பதைத்தான் நாங்கள் ஸ்பூன் ஸ்பூனாக ரத்தம் சேர்த்துத் தேடிக்கொண்டிருந்தோம்.

இதை நான் அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பொம்பளைக்கு அம்மா இல்லையா?"

"இருந்தாங்கக்கா."

"அப்ப அந்த அம்மாவைச் சொல்ல வேண்டியதுதானே? இவளை எதுக்குச் சொல்றீங்க?"

தேர்வில் இதற்கு எட்டு மதிப்பெண் வாங்கியிருந்தேன், ஆனால் யாரும் இப்படிக் கேட்டதில்லை. இரண்டு நாள் படித்துவிட்டுத்தான் சொல்ல முடிந்தது. அந்த அம்மாவும் எல்லோருக்கும் பொதுதான், அவளுடைய அம்மாவும் பொதுதான். பொதுவானவர்களில் நமக்குக் கிட்டத்தில் இருப்பவளைத்தான் நாம் குறிப்பிடுகிறோம்.

"அந்தக் காலத்துல அவ ஒருத்திதான் இருந்தாளா? அக்கம்பக்கத்துல யாருமில்லையா?"

"ஆயிரக்கணக்குல இருந்தாங்க. ஆனா அவங்க வழியில ஏதோ ஒரு தலைமுறையில பொண்ணே பிறக்காம போயிருக்கும். அதோட அந்தக் கோடு நின்னுடும்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அக்கா விரலை மடக்கி எதையோ எண்ணினார். எண்ண அதிகமில்லை, இரண்டு மகன்கள்தான்.

"அப்ப என் கோடு என்னோட சரி."

"பசங்ககிட்ட இருக்குமேக்கா."

"இருக்கும். வாங்கி வச்சுக்குவானுங்க, யாருக்கும் குடுக்க மாட்டானுங்க. வளத்ததே அப்படித்தானே." பிறகு அவராகவே சிரித்தார். "ஆனா என் தங்கச்சிக்குப் பொண்ணு இருக்கா. எங்க அம்மா கோடு அவகிட்டப் போகுது. நான் அவளுக்குப் பெரியம்மா. பேர் வச்சவன் ரத்தத்தைப் பாத்துட்டுத்தான் வச்சிருக்கான் போல."

இப்படிப் போய்க்கொண்டிருந்தது எங்கள் வேலை. அக்கா ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தபோது அந்தத் திங்கட்கிழமை வந்தது.

ஒவ்வொரு சுற்றிலும் சில சோதனை ஜோடிகளைச் சேர்ப்போம். ஒரே வீட்டு அண்ணன் தம்பி இருவரின் ரத்தத்தையும் எடுத்துத் தனித்தனியாகப் பார்ப்போம். கூடப் பிறந்தவர்களுக்கு அம்மா வழிக் கோடும் ஒத்துப்போக வேண்டும், அப்பா வழிக் கோடும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் எங்கள் வேலையில் எங்கோ கோளாறு. அந்தச் சுற்றில் அக்கா எடுத்தது நானூற்றுப் பன்னிரண்டு டியூப், அதில் ஒன்பது ஜோடி. திங்கட்கிழமை காலையில் இயக்குநர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவரை எல்லோரும் மேடம் என்போம். குரலை உயர்த்தாதவர். அதனாலேயே அவர் கூப்பிட்டால் பயமாக இருக்கும்.

"மூணு ஜோடி தேறலை" என்றார். "டியூப் மாறியிருக்கு."

அக்கா நின்றுகொண்டே இருந்தார். "மாறாது மேடம்."

"எனக்கும் நம்ப ஆசைதான். ஆனா மூணு மாறியிருந்தா மிச்சத்துல எத்தனை மாறியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? நானூறையும் தூக்கிப் போடணும். வெள்ளிக்கிழமை குழு கூடுது. அதுக்குள்ள காரணம் தெரியலைன்னா, களத்துல டியூப் மாறிடுச்சுன்னு எழுதிட்டு உங்களை உள்வேலைக்குப் போடச் சொல்லுவாங்க."

வெளியே வந்ததும் அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "உள்வேலைக்குப் போடட்டும். பாட்டில் கழுவறேன். ஆனா டியூப் மாறிடுச்சுன்னு என் பேர்ல எழுதக் கூடாது, பட்டதாரி. இருபத்தாறு வருஷம்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூன்று ஜோடிகளின் முடிவுகளையும் எழுதித் தரச் சொல்லி, என் எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஜோடி, கண்ணாடி வெட்டும் கடைக்காரர்கள். அம்மா வழி சேர்கிறது, அப்பா வழி சேரவில்லை. இரண்டாவது ஜோடி, ஒரு கிடங்கில் மூட்டை எடை போடுகிறவர்கள். அப்பா வழி சேர்கிறது, அம்மா வழி சேரவில்லை. மூன்றாவது ஜோடியில் அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவர். அம்மா வழி சேர்கிறது, அப்பா வழி சேரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் அக்கா. "டியூப் மாறினா என்ன ஆகும்? தம்பி டியூப்ல வேற எவனோ ஒருத்தன் ரத்தம் இருக்கும். சரியா?"

"சரிக்கா."

"எவனோ ஒருத்தன்னா ரெண்டு கோடுமேல்ல சேரக் கூடாது? மூணு ஜோடியிலயும் ஒரு கோடு கெட்டியா சேருதே. வழியில போறவன் ரத்தம் வந்து உக்காந்தா பாதி மட்டும் எப்படி ஒட்டும்?"

நான் அந்தத் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். டியூப்களைச் சோதித்த வெளிநாட்டு ஆய்வகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை மேடம் படித்திருந்தார், நான் படித்திருந்தேன், இன்னும் நான்கு பேர் படித்திருந்தார்கள். யாருக்கும் இது தோன்றவில்லை.

மேடமிடம் போய்ச் சொன்னோம். அவர் பேனாவை மூடி வைத்தார். "சரி, டியூப் மாறலை. ஆனா இது இன்னும் மோசம். அப்ப இவங்க அண்ணன் தம்பியே இல்லை. யாரைக் கேட்டு அப்படி எழுதினீங்க? ஃபாரத்தை நம்ப முடியலைன்னா ரத்தத்தை வச்சு என்ன செய்யறது?" பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க போன் பண்ணிக் கேளுங்க. பக்குவமா கேளுங்க. ஒரு குடும்ப விஷயம்."

அந்தப் பக்குவத்துக்காகச் செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் ஒத்திகை பார்த்தேன். ஒருவரிடம் போய் உங்கள் அப்பாவும் உங்கள் தம்பியின் அப்பாவும் ஒருவர் இல்லை என்று எப்படிச் சொல்வது? அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அண்ணே, லேப்லேர்ந்து பேசறேன். ஒரு சின்ன விஷயம். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"அளவு சொல்லுங்க."

"கண்ணாடி இல்லண்ணே. ரத்தம்."

"ரத்தச் சிவப்புல இப்ப ஸ்டாக் இல்ல. ஆர்டர் குடுத்தா பத்து நாள் ஆகும்."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ரத்தம் கொடுத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. "உங்களுக்கும் உங்க தம்பிக்கும் அப்பா வழி ஒத்து வரலைண்ணே" என்றேன்.

அந்தப் பக்கம் கண்ணாடி அறுக்கும் சத்தம் நின்றது.

"எப்படிங்க ஒத்து வரும்? எங்க அப்பா வேற, அவன் அப்பா வேற."

"அப்ப... நீங்க அண்ணன் தம்பின்னு..."

"அண்ணன் தம்பிதான். அவன் அம்மா எனக்குச் சித்தி. அக்கா தங்கச்சி பிள்ளைங்க அண்ணன் தம்பியா இல்லாம பின்ன மச்சானா?" போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் கத்துவது கேட்டது. "டேய், நம்ம ரெண்டு பேருக்கும் அப்பா வேறயாம்டா. லேப்ல கண்டுபிடிச்சிருக்காங்க."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "எத்தனை பேர் சேந்து?"

போனை வைத்த பிறகு நான் அக்காவின் பழைய படிவங்களை எடுத்தேன். உறவு என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது 'அண்ணன்', 'தம்பி'. கணினியில் அந்தச் சொற்கள் இல்லை. 'உடன்பிறந்தவர்', 'பெற்றோர்', 'பிற உறவு' என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினெட்டுப் பேருக்கும் 'உடன்பிறந்தவர்' என்று தட்டியது நான்தான்.

எனக்கு வீட்டில் பதினோரு அண்ணன்கள். பெரியப்பா பிள்ளைகள், பெரியம்மா பிள்ளைகள். கூடப் பிறந்தவர் ஒருவர்கூட இல்லை. ஊரில் யாராவது அண்ணன் என்றால் எந்த வழியில் என்று கேட்காமல் நான் அடுத்த வார்த்தை பேசமாட்டேன். கணினி முன்னால் உட்கார்ந்ததும் அந்தக் கேள்வி எங்கே போனது என்று இன்றும் யோசிக்கிறேன்.

மேடமிடம் போய் என் தப்பு என்றேன். "நானும்தானே பாத்துக் கையெழுத்துப் போட்டேன்" என்றார். "எனக்கே ஆறு தம்பி, எல்லாம் சித்தப்பா பசங்க."

மூட்டை எடை போடுபவர்களைப் பற்றி இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும். அப்பாக்கள் கூடப் பிறந்தவர்கள், அதனால் அப்பா வழி சேர்கிறது. அம்மாக்கள் வேறு வேறு வீட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களில் சின்னவர் தன் பெரியப்பாவின் மனைவியையும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறார். அம்மாவின் அக்காவும் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவியும் பெரியம்மா. ஒருத்தியிடம் நம் கோடு இருக்கும், மற்றவளிடம் இருக்காது. "பேர் வச்சவன் பாதி ரத்தத்தைப் பாத்திருக்கான், பாதி வீட்டைப் பாத்திருக்கான்" என்று அக்கா திருத்திக்கொண்டார். அன்று மாலை அவர் நடையே மாறியிருந்தது. "ரெண்டு போச்சு. இன்னும் ஒண்ணு. அதுவும் ஏதோ ஒரு பெரியம்மா வீடுதான். பாத்துட்டு வந்துடலாம்."

வேன் ஓட்டுபவரின் போன் எண் எங்களிடம் இல்லை. வியாழக்கிழமை மதியம் வீட்டுக்கே போனோம். குறுகிய சந்தில் இரண்டு அறை வீடு. முன்னறையில் ஜன்னலோரமாகத் தையல் மெஷின். அவர்களுடைய அம்மா பள்ளிச் சட்டைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். தைத்து முடித்தவை நாற்காலியில் கட்டுக்கட்டாக இருந்தன. காலைச் சவாரி முடித்து, மதியச் சவாரிக்கு முன்னால் அண்ணன் வீட்டில் இருக்கும் நேரம். அக்காவைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார்.

"அக்கா, ரிசல்ட் வந்துடுச்சா?"

"இன்னும் இல்லப்பா. ஒரு விவரம் சரிபாக்க வந்தோம். நீயும் தம்பியும் பெரியம்மா சித்தி பிள்ளைங்களா?"

"இல்லக்கா, கூடப் பிறந்தவன். ரெண்டு வயசு வித்தியாசம். ஒரே சட்டையை மாத்தி மாத்திப் போட்டு வளந்தோம்."

தையல் மெஷின் நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். திரும்பியிருக்கக் கூடாது. அக்கா திரும்பவில்லை.

"அப்படியா, சரி சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையில் எதையோ தேடினார்.

அண்ணன் பேசிக்கொண்டே போனார். "நான் எதுக்குக்கா கை நீட்டினேன்? ஊசின்னா எனக்கு ஆகவே ஆகாது. எங்க அப்பா நான் அஞ்சு வயசா இருக்கறப்பவே போயிட்டாரு. எந்த ஊரு, யாரு சொந்தம், அவரு சொன்னதே இல்ல. ஃபாரத்துல அப்பா பிறந்த ஊருன்னு கேட்டீங்களே, தெரியாதுன்னு சொன்னேன். வெக்கமா இருந்துச்சு. அப்பா வழியில நாங்க எங்கேர்ந்து வந்தோம்னு சொல்லுவீங்கதானே?"

"ஊரெல்லாம் தெரியாதுப்பா. அவரோட ஆளுங்க எத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எந்தத் திசையிலேர்ந்து வந்தாங்கன்னு சொல்லலாம்."

"அது போதும். ஒண்ணுமே இல்லாததுக்கு அது பெரிசு. பேப்பர்ல அனுப்பிடாதீங்க, எனக்குப் புரியாது. நீங்களே வந்து சொல்லுங்க."

கேட்பவர்களுக்கு முடிவைச் சொல்வதாகப் படிவத்திலேயே இருந்தது. அக்கா, "நானே வந்து சொல்றேன்" என்றார்.

வேனுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கிளம்பினார். நாங்களும் எழுந்தோம். அந்த அம்மா வாசல்வரை வந்தார். ரவிக்கைக் கையில் ஒரு நீல நூல் ஒட்டியிருந்தது. சந்தின் முனையில் வேன் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அந்த ரத்தத்துல எல்லாமே தெரிஞ்சுடுமாம்மா?"

"எழுபதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்தது தெரியும்மா" என்றார் அக்கா. "முப்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்தது ஒண்ணும் தெரியாது."

அந்த அம்மா அக்காவின் முகத்தையே பார்த்தார். "தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்றார். அக்கா மறுபடி உள்ளே போய் உட்கார்ந்து இரண்டு டம்ளர் குடித்தார்.

பேருந்து நிறுத்தத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் பேசினார். "நீ எதையாவது நினைச்சுக்காதே. அவங்க தங்கச்சி பிள்ளையை எடுத்து வளத்திருக்கலாம். அப்பவும் அம்மா கோடு சேரும். முதல்ல ஒரு கல்யாணம் ஆகி அவர் செத்துப் போயிருக்கலாம். ஒரு கோடு சேரலைன்னு மட்டும்தான் ரத்தம் சொல்லுது."

"மெஷின் நின்னுச்சேக்கா."

"நூல் அறுந்திருக்கும்."

வெள்ளிக்கிழமை காலை அவர் மூன்று திருத்தப் படிவங்களை என் மேசையில் வைத்தார். முதலாவதில் 'சித்தி மகன்'. இரண்டாவதில் 'பெரியப்பா மகன்'. மூன்றாவதில் 'பெரியம்மா மகன்'. அக்காவின் எழுத்து எப்போதும் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். மூன்றாவதில் மட்டும் நேராக நின்றது.

"அக்கா, அவர் கூடப் பிறந்தவன்னு சொன்னாரே."

"சொன்னார். ரெண்டு பேரும் கேட்டோம்."

"காரணம் தெரியலைன்னு விட்டுடலாமே."

"விட்டா வேற யாரையாவது அனுப்புவாங்க. அவங்க மெஷின் பக்கம் திரும்பிப் பாக்கறதோட நிறுத்துவாங்களா?" நான் தலைகுனிந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "'கூடப் பிறந்தவங்க, அப்பா வழி சேரலை'ன்னு எழுதினா அது கம்ப்யூட்டர்ல என்னிக்கும் கிடக்கும். பேர் இல்ல, நம்பர்தான். ஆனா அந்த நம்பரை அவங்க கையில ஒட்டி அனுப்பினது நான்."

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "இதுல எனக்கும் லாபம் இருக்கு, பட்டதாரி. மூணும் தேறிட்டா என் பேர் சுத்தம். அவங்களுக்காகச் செய்யறேனா எனக்காகச் செய்யறேனான்னு நைட்டெல்லாம் கேட்டுப் பாத்துட்டேன். தெரியலை. நீ ஏத்து."

ஏற்றினேன். விஞ்ஞானத்துக்கு இதனால் கெடுதல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்தான். இரண்டு பேரின் அப்பா வழிக் கோடுகளும் உயிரோடிருக்கும் இரண்டு மனிதர்களின் கோடுகள். வரைபடத்தில் எதுவும் இடம் மாறவில்லை. ஆனால் உண்மையைத் தேடும் இடம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த இடத்தில், தெரிந்தே ஒரு பொய்யைத் தட்டியது என் விரல். அது சரி என்று ஒரு வாரம் தோன்றும். மறு வாரம் தோன்றாது.

அன்று பிற்பகல் குழு மூன்று ஜோடிகளையும் ஏற்றுக்கொண்டது. நானூற்றுப் பன்னிரண்டு டியூபும் தப்பின. கணினியில் உறவுப் பட்டியலை நீட்டச் சொன்னார்கள். மேடம் எல்லோர் முன்னாலும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். அக்கா, "பரவால்ல மேடம்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தாறு வருடப் பெயர் காப்பாற்றப்பட்டதில் அவர் சந்தோஷப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து எல்லோருடைய முழு முடிவுகளும் வந்தன. தன் முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அக்கா ஒரு பதிவேட்டில் அவர்கள் எண்களை எழுதி, ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்தார். சில நாள் நானும் போனேன். கண்ணாடிக் கடையில் மேசையின் மேல் விரலால் வழியை வரைந்து காட்டினார். பெரியவர், "இவ்வளவு தூரம் நடந்தா வந்தாங்க?" என்று கேட்டார். சின்னவர், "நீ சைக்கிள்ல முக்குக்கடைக்குப் போகவே அழுவே" என்றார்.

சந்து வீட்டுக்கு மட்டும் போகவில்லை. சகோதரர்களின் அப்பா வழிக் கோடுகள் இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தன. ஒன்று, கடலோரமாக நடந்து முதலில் வந்து சேர்ந்த கூட்டத்தினுடையது. மற்றது, பல்லாயிரம் வருடம் கழித்து, விதைக்கக் கற்றுக்கொண்டவர்கள் நிலவழியாகக் கொண்டுவந்தது. இதில் எது அந்த ஊர் பேர் தெரியாத அப்பாவினுடையது என்று எங்களுக்குத் தெரியாது. எதுவுமே அவருடையதாக இல்லாமலும் இருக்கலாம்.

"அவரோட கோட்டை மட்டும் அவர்கிட்டச் சொல்லலாமேக்கா" என்றேன்.

"அது அவன் அப்பாவோடதுன்னு நினைச்சுக்குவான். இல்லைன்னா? இல்ல, தம்பிக்கும் அதுதானேன்னு கேட்டா? முதல் பொய்யை ஃபாரத்துல எழுதிட்டேன். ரெண்டாவதை அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியாது. யோசிச்சுச் சொல்றேன்."

அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். மாலையில் அந்தச் சந்தின் முனை வழியாகப் போகும் பேருந்தை விட்டுவிட்டு, சுற்றிப் போகும் பேருந்தில் ஏற ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற அன்று பெட்டியை என்னிடம் ஒப்படைத்தார், பதிவேட்டையும் கொடுத்தார். சந்து வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டார்.

போன மாதம் என் மேசைக்கு ஒரு போன் வந்தது. வேன் ஓட்டுபவர்தான்.

"அந்த ஐஸ்பெட்டி அக்கா இருக்காங்களா? வந்து சொல்றேன்னாங்க."

அக்கா இறந்துவிட்டதைச் சொன்னேன். எப்படி, எப்போது என்று விசாரித்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "மறந்திருக்க மாட்டாங்க. உடம்புக்கு முடியாம இருந்திருக்கும்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "எங்க அம்மாவுக்கும் இப்ப முடியலை. அவங்களுக்கப்புறம் அப்பாவைப் பத்திக் கேக்க ஆள் இல்ல. அந்த அப்பா வழி மட்டும் தெரிஞ்சா போதும். எப்ப வேணா வரேன்" என்றார்.

பார்த்துச் சொல்கிறேன் என்று போன் எண்ணை வாங்கிக்கொண்டேன். பதிவேட்டைத் திறந்தேன். முப்பத்தேழு எண்களுக்கு எதிரில், போய்ச் சொன்ன தேதி அக்காவின் சாய்ந்த எழுத்தில் இருக்கிறது. வேன் ஓட்டுபவரின் எண்ணுக்கு எதிரில் தேதி இல்லை.